மூன்றாம் ஓலை

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தகர வாளி இருந்தது. அதில் கார்பாலிக் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீர். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்கள் சுண்ணாம்பால் கீறிய கோட்டைத் தாண்டக் கூடாது. பேசி முடிந்ததும் வாளியில் முழங்கைவரை கையை அமிழ்த்திவிட்டுப் போக வேண்டும். உள்ளிருந்து ஒரு துண்டுக் கடதாசிகூட வெளியே வராது. சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கு நான் அந்தக் கோட்டில் நிற்பேன். பத்தடி தள்ளி, கம்பி வேலிக்கு அப்பால், அக்கா நிற்பாள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் கொழும்பில் வைசூரி பரவிய ஒரு வருடம் அது. எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளிலிருந்து நோயாளிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, களனி ஆற்றங்கரையில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கொட்டகைக்கு வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா எங்கள் வேதக் கோயிலில் ஆள் கேட்டபோது அக்கா மட்டுமே கை உயர்த்தினாள். அம்மைப்பால் குத்திக்கொண்டு, ஒரு துணிப்பையோடு உள்ளே போனாள். இரண்டு வாரமென்றுதான் வீட்டிலும் கோயிலிலும் சொல்லியிருந்தாள்.

அப்போது அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், வெள்ளவத்தைக்காரர். வெள்ளவத்தையிலேயே அப்பா தன் உத்தியோக காலம் முழுவதும் சேமித்து வாங்கிய ஐந்தறை வீடு அக்காவுக்குச் சீதனம். எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு போதகர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வருவதில்லை. அந்த வழக்கம் எங்களுக்கு வசதியாகிவிட்டது. முதல் இரண்டு ஓலைகளும் வாசிக்கப்பட்டபோது, அக்கா இரண்டு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றே சபை நினைத்திருந்தது.

அவள் வரவில்லையென்று மாப்பிள்ளையின் தாயாருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இரண்டாம் ஓலைக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"உங்கட மகள் கொட்டிலுக்கையே குடியிருக்கப் போறாவோ? என்ர பிள்ளைக்கு வீட்டோட ஒரு மனிசிதான் கேட்டனாங்கள், வைசூரி கேக்கேல்ல. மூண்டாம் ஓலைக்கு முதல் அவ வெளிய வந்திட வேணும். பிறகு அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கக்கூடாது."

அப்பா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் கோட்டில் நின்று இதை அக்காவிடம் சொன்னேன். அவள் மெலிந்திருந்தாள். பின்னலை ஒட்ட வெட்டியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

"தங்கச்சி, இஞ்ச வேலை செய்யிற மற்ற ஆக்களுக்குத் தமிழ் வராது. படுத்திருக்கிறதுகள் முக்கால்வாசியும் தேயிலைத் தோட்டத்துச் சனமும் துறைமுகக் கூலிகளும். எங்க நோகுதெண்டு கேக்க நான் ஒருத்திதான். இவையை விட்டிட்டு எப்பிடி வாறது?"

"அப்ப மாப்பிள்ளை? அந்த வீடு?"

"அவர் நல்லவர். ஆனா இதை விட்டிட்டு வந்த ஒருத்திதான் அவருக்கு வேணும். அந்த ஒருத்தி நானில்லை." வேலிக் கம்பியைப் பிடிக்கப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஆண்டவர் இதுக்குள்ளதான் நிக்கிறார், பிள்ளை. அவரை விட்டிட்டு நான் ஐஞ்சறை வீட்டில என்ன செய்யிறது? போதகர் ஐயாட்டப் போய்ச் சொல்லு. மூண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம்."

எழுத்தில் தர வழியில்லை. அவள் சொன்னதற்குச் சாட்சி நான் மட்டும். வாளியில் முழங்கைவரை கைகளை அமிழ்த்தினேன். நான் சொன்னால் அப்பாவின் தலை குனியும். சொல்லாவிட்டால் அக்காவின் வாக்கு என்னோடு செத்துப்போகும். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னதாகக் கோயிலுக்குப் போனேன். போதகர் அங்கி அணிந்துகொண்டிருந்தார். "என்ன பிள்ளை, அக்கா சுகமே?" என்றார். "சுகம் ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

வாசலில் மாப்பிள்ளையின் தாயார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மகள் வந்திட்டாவாம், உங்கட மனிசன் சொன்னார். நல்ல காலம்." அம்மா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், பெரியம்மா வீட்டில நிக்கிறா" என்றார். என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் போதகர் ஓலையை எடுத்தார். அக்காவின் பெயரை வாசித்தார். மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். "இது மூன்றாம் முறை. தடை அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம்" என்று சொல்லி, வழக்கம்போலக் கடதாசியை மடிக்கத் தொடங்கினார். நான் எழுந்து நின்றிருப்பதை, முன்வரிசையிலிருந்த அப்பா திரும்பிப் பார்த்த பிறகுதான் நானே உணர்ந்தேன்.

"தடை இருக்கு ஐயா."

"பிள்ளை, இருந்து யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் எழும்பினனான். அக்கா இன்னும் கொட்டகையிலதான் நிக்கிறா. அவ வரமாட்டா. வாசிக்க வேண்டாமெண்டு என்னட்டச் சொல்லிவிட்டவ."

பின்வரிசையில் ஒரு பெண் குரல், எனக்குக் கேட்க வேண்டுமென்றே, "மூத்தவள் வைசூரியோட, இளையவள் விசரோட" என்றது. என்னைப் பைத்தியமென்றதற்கு யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. போதகர் கடதாசியை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்து பாடியது. நான் பாடவில்லை.

அக்காவின் கலியாணம் நின்றது. அப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது என் கலியாணத்தைப் பற்றித்தான் பேசினார். வெள்ளவத்தை வீடு எனக்குச் சீதனமாக வந்தது. பின்வரிசைக் குரல் அதற்கும் ஒன்று சொன்னது: "அப்பவே தெரியும், வீட்டுக்காகத்தான் எழும்பினவள்." கேட்ட அன்றே, அந்த வருடம் நான் எழுதிவந்த பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிறு பாடிய பாட்டுகளின் எண்கள், யார் எங்கே இருந்தார்கள், மழை எத்தனை மணிக்குப் பிடித்தது எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஏன் எழுந்தேன் என்று எழுதவில்லை.

அக்கா நோய் தொற்றாமல் பிழைத்தாள். கொட்டகைகளைப் பிரித்த பிறகு டாக்டரம்மாவோடு மருந்துச்சாலை வேலைக்குப் போனாள். இன்றைக்கும் கொட்டாஞ்சேனையில் அந்த மருந்துச்சாலைக்குப் பின்னால் ஓர் அறையில்தான் இருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரில் ஒரு சிலுவை. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. பூட்டு இல்லை.

போன மாதம் இங்கே, இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு, வந்திருந்தாள். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாதென்று கேட்டுவிட்டேன். "அக்கா, நான் அண்டைக்கு எழும்பினது உனக்காகவோ, இந்த வீட்டுக்காகவோ? உனக்கு என்ன தோணுது?"

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"எனக்கெப்பிடித் தெரியும், தங்கச்சி? அது நீயும் ஆண்டவரும் கதைக்க வேண்டியது. நீ எழும்பினாய், எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்." பிறகு வெறுங்கோப்பையைப் பார்த்துச் சிரித்தாள். "உன்ர கிணத்துத் தண்ணி இன்னும் உப்புத்தான். இதையோ நான் விட்டிட்டன் எண்டு இவ்வளவு காலமும் கவலைப்பட்டனி?"

மருந்துக்குச் சனம் காத்திருக்குமென்று குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தெருமுனைவரை கூடப் போக ஆசைப்பட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஐந்து அறைகளையும் பூட்டி முடித்து நான் வாசலுக்கு வந்தபோது தெருவில் அவள் இல்லை.