ஆம்பூரில் ஓடாத இத்தாலிப் படம்

எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்திருந்த இத்தாலிக்காரர், கிளம்பும்போது அவர் ஊர்ப் படத்தின் டிவிடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

இன்று பிரியாணி முடித்துக் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. டிஸ்கைப் போட்டேன். ‘இந்தப் பகுதியில் இயங்காது’ என்று ஆங்கிலத்தில் வந்தது.

"இன்னாம்மா சொல்லுது?" என்றார் மாமனார்.

"நம்ம ஏரியாவுல ஓடாதாம் மாமா. ஐரோப்பாவுக்குன்னே போட்டதாம்."

"அது இல்லம்மா. வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சு ஆம்பூரைத் திருப்பத்தூர்ல சேத்துட்டாங்க இல்ல? அது இத்தாலிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்காது. வேலூருக்கு எடுத்துனு போனா ஓடும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிஸ்கோடு பஸ் ஏறி வேலூரில் நாத்தனார் வீட்டுக்கே போய்விட்டார்.

இப்போதுதான் போன் வந்தது.

"இங்கயும் ஓடலம்மா. ராணிப்பேட்டையும் பழைய வேலூர் மாவட்டம்தான, பாத்துட்டு வந்துடறேன்."

ராணிப்பேட்டை நண்பர்களே, வெள்ளைச் சட்டையில் ஒருவர் டிஸ்கோடு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவையுங்கள். சென்னையில் ஓடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.