சாக்கடைத் தண்ணீரும் சில குண்டு அமீபாக்களும்

ஊரெல்லாம் வைரஸ் வந்துவிட்டதே என்று அழும்; வரவில்லையே என்று அழுவது எங்கள் தொழில்.

கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா வேலை பாக்குற?" என்று கேட்டால், பாயசக் கப்போடு நைசாக நழுவிவிடும் சக தோழர்களே, இது உங்களுக்காக. நான் தேடுவது ராட்சச வைரஸ். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். மற்ற வைரஸ்களின் பக்கத்தில் நின்றால்தான் அது ராட்சசன். நமக்கு அது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் ஒரு புள்ளி. குளம், சாக்கடை என்று தண்ணீர் இருக்கும் இடங்களில், அமீபாவுக்குள் புகுந்து பிழைக்கும். நாங்கள் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து லேபில் வளர்க்கும் அமீபாக்களுக்கு ஊற்றுவோம். அமீபா வெடித்தால் எங்களுக்குத் தீபாவளி.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு லேபில் நானும் ஜோசப்பும் இந்த வேலையில் இருந்தோம். ஜோசப் செந்தூல்காரன், என்னைப் போலவே ஆராய்ச்சி மாணவன். எங்களை மேய்ப்பவர் டாக்டர் சாந்தி. செமஸ்டர் முடிவதற்குள் ஒரு வைரஸாவது சிக்கவில்லை என்றால், இந்த ஆராய்ச்சியை மூடிவிட்டு என்னை எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் நோய் ஆராய்ச்சிக்கு மாற்றிவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்கே மூன்று தலைமுறை ஆயிற்று. நான் முனைவர் பட்டத்துக்குப் படித்து, திரும்பவும் செம்பனை மரத்தடியில் போய் நிற்பதா? மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு பாட்டிலும் கையுமாகக் கிளம்பினேன்.

கொசு மேடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளின் பின்சந்து எனக்குச் சொர்க்கம். வாளி, டிரம், பழைய பெயின்ட் டின் என்று எதைப் பார்த்தாலும் அதில் பல நாள் தண்ணீர். பாசி படர்ந்து, பூக்காம்பு மிதந்து, அமீபா குடும்பம் நடத்த அருமையான இடம். கையுறை மாட்டி, முகமூடி போட்டு, டார்ச் லைட்டை அடித்து முதல் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த வினை. பூக்கடை அக்கா என்னைப் பார்த்ததும் சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தார்: "கொசு ஆபீசர் வந்துட்டாங்க!"

டெங்கிக் கொசுவுக்கு அபராதம் போட வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சந்து நெடுக வாளிகள் கவிழ்ந்தன, டிரம்கள் உருண்டன, பெயின்ட் டின்கள் தலைகீழாயின. நான் தேடி வந்த பொக்கிஷமெல்லாம் சலசலவென்று சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. "அக்கா, நான் ஆபீசர் இல்ல, எனக்கு அந்தத் தண்ணிதான் வேணும்!" என்று கெஞ்சினேன். அக்கா இடுப்பில் கையை வைத்துச் சிரித்தார்: "எல்லா ஆபீசரும் இப்படித்தான் மா நைசா பேசுறாங்க. ஒரு சொட்டு இல்ல, நல்லா பாத்துக்கங்க!"

சின்னதா இருந்தா விட்டுரு

கிள்ளானில் ஆற்றோரம் தூண்டில் போடும் அங்கிள் ஒருவர் இருந்தார். மடக்கு நாற்காலி, தொப்பி, ஐஸ் பெட்டி என்று முழு ஏற்பாட்டோடு உட்கார்ந்திருந்தவர், நான் கயிற்றில் பாட்டிலைக் கட்டி ஆற்றில் இறக்குவதை வெகுநேரம் பார்த்தார். தொழில்காரர் இல்லையா, பொறுக்க முடியவில்லை. "என்னம்மா பிடிக்கிற?" என்றார். பெரிய வைரஸ் என்றேன். "பெருசுன்னா எவ்ளோ பெருசு?" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வேலையைப் பற்றி இத்தனை ஆர்வமாக ஒருவர் கேட்டதே இல்லை. உற்சாகம் தாங்காமல் ஒரு முடியை எடுத்துக் காட்டி, இதன் தடிமனை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு இருக்கும் அங்கிள், வைரஸ் ஜாதியில் அதுதான் யானை என்று விளக்கினேன். அவர் அந்த முடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு மீன்பிடிக்காரர் இன்னொருவருக்குச் சொல்லும் அக்கறையோடு சொன்னார்: "அவ்ளோ சின்னதுன்னா அது குட்டி லா. திருப்பி ஆத்துல விட்டுரு, வளந்த பொறவு வந்து பிடி."

ஐஸ் இல்லாத பொங்கூஸ்

அன்றைக்கே பாட்டில்கள் தீர்ந்துபோயின. கூட வந்திருந்த ஜோசப்புக்கு அபார மூளை. எதிர் மாமாக் டீக்கடையில், இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரிக் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை புதிதாக ஒரு கட்டு வாங்கி, அதில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, ஓரத்தில் கயிறு போட்டு, கடைக்காரர் பொங்கூஸ் பார்சல் கட்டுவது போலவே கச்சிதமாகக் கட்டிவிட்டான். கிள்ளான் ஆற்றின் நிறம் உங்களுக்குத் தெரியும். அசல் தே தாரிக். ஆளுக்கு நாலு பையை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம்.

வாசலில் காவலர் மறித்தார். ரயிலில் பானம் கொண்டுபோகக் கூடாதாம். "அண்ணே, இது குடிக்கிறது இல்ல" என்றான் ஜோசப். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! ஆற்றுத் தண்ணீர் என்று நான் சொன்னதும், நாங்கள் கேலி செய்கிறோம் என்றே முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. வெளியே இருந்த பெஞ்சைக் காட்டிச் சொன்னார்: "அவசரமே இல்ல தங்கச்சி, அங்க உக்காந்து எல்லாத்தையும் குடிச்சி முடிச்சிட்டு வாங்க. அடுத்த ரயிலு இருக்கு."

ஊட்டம்

கடைசியில் ஒரு பெரிய பைக்குள் எல்லாவற்றையும் ஒளித்துக் கொண்டுவந்து சேர்த்தோம். இப்படி இடம் இடமாகப் போய்க் கொண்டுவந்தும் எங்கள் அமீபாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததோடு, கொழுத்தன. குட்டி போட்டன. தினமும் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல மினுமினுவென்று இருந்தன. செமஸ்டர் கரைந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கத்தில் செம்பனைக் குலைகள் வர ஆரம்பித்தன.

ஒருநாள் டாக்டர் சாந்தி சும்மா எட்டிப் பார்க்க வந்தார். ஜோசப் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தான். வடிகட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அது பாக்டீரியாவைக்கூட விடாத மிக நுண்ணிய வடிகட்டி. எந்த லேபிலும் கை தன்னால் போய் எடுப்பது அதைத்தான். சாதாரண வைரஸ் என்றால் அதில் புகுந்து கீழே வந்துவிடும். எங்கள் ராட்சசனோ உடம்பு பெருத்தவன், மேலேயே தங்கிவிடுவான். நாங்கள் மேலே தங்கியதை ஜாக்கிரதையாகக் குப்பையில் போட்டுவிட்டு, கீழே வந்த தண்ணீரை அமீபாக்களுக்குக் கொடுத்திருக்கிறோம். இருவரும் மாதக்கணக்கில், ஒருவர் மாற்றி ஒருவர். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிள்ளான் ஆத்த மினரல் வாட்டர் ஆக்கி ஊட்டிருக்கீங்க. அமீபா பின்ன தேறாம என்ன செய்யும்?"

வாளி

சிரித்தாரே தவிர, கெடுவைத் தளர்த்தவில்லை. சரியான வடிகட்டியோடு செராஸ், செந்தூல், கிள்ளான் என்று பேய் மாதிரி அலைந்து மறுபடி தண்ணீர் சேர்த்தோம். அமீபாத் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு, குழிக்கு ஒரு ஊர்த் தண்ணீர். கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. காலியாக விட்டால் பார்க்க நன்றாக இல்லை என்று ஜோசப் லேபுக்கு வெளியே இருந்த நடைக்குப் போனான். அங்கே லேபைக் குளுகுளுவென்று வைக்கும் எங்கள் ஏர்கோன் நெடுங்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது, அடியில் ஒரு நீல வாளி. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பினான்.

சில நாள் கழித்துப் பார்த்தால், எல்லாக் குழியிலும் அதே குண்டு மாப்பிள்ளைகள். வாளிக் குழியில் மட்டும் யுத்தகளம்! அமீபாக்கள் உருண்டு, வெடித்து, உடைசலுக்கு நடுவே குட்டிக் குட்டிப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நான் வீறிட்டேன். ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டான். டாக்டர் சாந்தி மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம், அதே வாளியிலிருந்து புதிதாக எடுத்து இன்னொரு முறை வெடிக்க வைத்துக் காட்டுங்கள், அப்போது நம்புகிறேன் என்றார்.

நடைக்கு ஓடினோம். ஏணி நின்றது. எங்கள் புகார்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் விமோசனம் பிறந்து ஏர்கோன் அண்ணன் வந்திருந்தார். ரிப்பேர் முடிந்துவிட்டது. ஒழுகல் நின்றுவிட்டது. நீல வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கழிவறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். "அண்ணே, ஊத்தாதீங்க!" என்று அலறிப் பாய்ந்து வாளியைக் கட்டிப்பிடித்தேன். என் மொத்தப் படிப்பும் அந்த வாளியில் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, பாதி தரையில் கொட்டியது. மீதியோடு நான் தரையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதுவிட்டேன். அண்ணன் பயந்துபோய் இரண்டு அடி பின்னால் நகர்ந்து ஜோசப்பிடம் கேட்டார்: "ஒழுவுதுன்னு கம்ப்ளேன் பண்ணது இவங்கதானே? வேணும்னா திரும்ப ஒழுவ வச்சிட்டுப் போறேன் பாஸ், அழ வேணாம்னு சொல்லுங்க."

நல்ல செய்தி

மறுபடியும் வெடித்தது. அமீபாக்களுக்கு எமன், எனக்குக் குலதெய்வம். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்துப் பார்த்தால், பக்கமெல்லாம் சீராக வெட்டிய வைரக்கல் போல அழகாக உட்கார்ந்திருந்தார் நம்மவர். டாக்டர் சாந்தி என் தோளைத் தட்டி, செம்பனைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜோசப் கேக் வாங்கி வந்தான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த உலகத்தில் முதலில் யாரிடம் சொல்வது? அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா! எனக்கு வைரஸ் கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் குரல் வந்தது: "எத்தன தடவ சொன்னேன், மாஸ்க் போடுன்னு! பெனடோல் போட்டுட்டு அங்கேயே படு, அப்பாகிட்ட ரசம் குடுத்து அனுப்புறேன்."

ஊரே வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறது. எனக்கோ கொட்டாமல் பிடித்துக்கொண்டதால்தான் போவதற்கு ஒரு வேலை இருக்கிறது.