தையல் அக்கா மடித்த பாராசூட்டுகள்

படைத்துறைக் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டிய அன்று தையல் அக்கா சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. சீருடை போடாத ஊழியர்களில் நாற்பது பேர் இனி வேண்டாமாம். பதினேழாவது வரியில் அவளுடைய பணியிடம் இருந்தது: தையல் பிரிவு, வேலை இல்லை.

தையல் பிரிவில் வேலை இல்லை என்பது உண்மைதான். ஒன்பது வருஷத்துக்கு முன்பே அதைப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பாராசூட் மடிக்கும் அறையில் இருக்கிறாள். நீள மேஜையில் துணியை விரித்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடித்துப் பைக்குள் அடக்குவாள். ஒவ்வொரு பைக்கும் ஓர் அட்டை உண்டு. மடித்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். ஆனால் பதிவேட்டில் அவள் இன்னும் தையல்காரிதான். மடிக்கும் உரிமை கிடையாது. அதனால் சூப்பர்வைசர் காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய வெற்று அட்டைகளில் தன் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவார். இத்தனை வருஷமும் அவள் மடித்ததெல்லாம் அவர் பெயரில்தான் போனது.

"சார், நான் இங்கதான் வேலை பார்க்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எழுதினா வெத்து அட்டை விஷயம் வெளிய வந்துடும்மா. எனக்கு இன்னும் பதினாலு மாசம்தான் சர்வீஸ் இருக்கு."

"எனக்குப் பதினாலு நாள்தான் இருக்கு சார்."

வீட்டிலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்து வைத்த போர்வையைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். "அம்மா, அதைக் கட்டிக்கிட்டு யாரும் குதிக்கப் போறதில்ல, விடு," என்றாள் மகள். அக்காவுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அவள் சூப்பர்வைசர் கையெழுத்திட்டு வைத்த அட்டைகளைத் தொடவில்லை. புது அட்டைகள் எடுத்து, அன்று மடித்த ஆறு பைகளுக்கும் தன் கையெழுத்தைப் போட்டாள். விமானத்தளத்துக்குப் போன ஆறும் இரண்டே நாளில் திரும்பி வந்தன, கூடவே ஒரு கடிதமும்: இவர் யார்? இதுவரை உங்களிடமிருந்து வந்ததையெல்லாம் மடித்தது யார்? பதில் வரும்வரை இங்கே யாரும் குதிக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் கடிதத்தோடு மேஜைக்கு வந்தார். "நல்லா மாட்டி விட்டுட்டம்மா என்னை."

"மூணு நாளா சாப்பாடு இறங்கல சார். எனக்கு வேற வழி தெரியல."

அவர் திரும்பி வந்த பைகளில் ஒன்றைப் பிரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. பிறகு நின்றபடியே பதில் எழுதினார்: மடித்தது இவர், கையெழுத்து மட்டும் என்னுடையது.

அடுத்த வாரம் ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, அவளுக்குத் தேர்வு வைத்து மடிப்பவராகப் பதிவு செய்யலாம். அதுவரை வேலையிலிருந்து நீக்க வேண்டாம். மற்றொன்று, வெற்று அட்டை விசாரணை முடியும்வரை சூப்பர்வைசர் உள்ளே வரக் கூடாது.

"தேர்வுல கை நடுங்காம பாத்துக்க," என்றபடி அவர் கிளம்பினார்.

தேர்வு முடியும்வரை அவள் எதையும் மடிக்கக் கூடாது. வெறும் மேஜையை அவள் சுற்றிச் சுற்றி நடந்தாள். உட்காரச் சொல்லவும் அறையில் ஆள் இல்லை.