அப்பிள் மரத்துக்குப் போட்ட புகை

எங்கள் அகதிக் கேஸ் விசாரணைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அன்றிரவு உறைபனி விழும் என்று மாலை வானொலியில் சொன்னார்கள். மே மாதம். கனடாவில், எங்கள் ஸ்காபரோ வாடகை வீட்டின் பின்வளவில் நின்ற அப்பிள் மரம் அப்போதுதான் முதன்முறை பூத்திருந்தது. பூ உதிராமலிருக்க ஊரில் மாமரத்துக்குப் புகை போடுவோம். அதே நினைப்பில் ஈரச் சருகைக் கொளுத்தினேன்.

புகை வேலியைத் தாண்டியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

"மனுசன் பொலிசுக்குப் போன் அடிக்கத்தான் ஓடுது. கேஸ் என்னாகப் போகுதோ. நீங்களும் உங்கட மாமரப் புகையும்," என்றாள் மனைவி.

"சும்மா இரும்."

வாளித் தண்ணீரை ஊற்றினேன். புகை இன்னும் கூடியது. அப்போது வேலிக் கதவு திறந்தது.

கிழவர் கை நிறையப் பழைய போர்வைகளோடு நின்றார். மரத்தைக் காட்டி, குளிருவதுபோல் தோளைக் குறுக்கினார். இருவருமாக மரத்தைப் போர்த்தினோம். இரண்டு வருடமாக அவரைக் கண்டாலே வீட்டுக்குள் ஒளிந்தவன் நான்.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. அணில்கள் தின்றதுபோக மூன்று அப்பிள் மிஞ்சின. பெரியதைக் கொண்டுபோய் அவர் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் மணியை அழுத்தினேன்.

ஒருவர் உள்ளே ஓடினால், எதை எடுக்க ஓடுகிறார் என்று இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.