அவிழ்த்துவிட்ட கப்பல்

எனக்குப் புயல் என்றால் நாகப்பட்டினம்தான். ரேடியோவில் அந்த வார்த்தை விழுந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கிழக்கே பார்ப்போம். அங்கே கரையேறும், எங்கள் ஓட்டைப் பிய்க்கும், பிறகு மேற்கே போய்விடும். அதற்கும் அப்பால் இன்னொரு பெரிய கடல் இருக்கிறது, ஆடி தொடங்கிக் கார்த்திகை வரைக்கும் அதில் ஒன்று போய் ஒன்று புயல் கிளம்பிக்கொண்டே இருக்கும் என்பதெல்லாம் என் தம்பி கப்பலுக்குப் போன பிறகுதான் தெரியும். ஆசியா கண்டம் ஏழாம் வகுப்புப் பாடம். நான் ஆறோடு நின்றுவிட்டேன்.

தம்பி பம்பாய்க்குப் போய் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆளாகச் சேர்ந்திருந்தான். சிங்கப்பூர், ஹாங்காங், தைவான், ஜப்பான் என்று சுற்றிக்கொண்டே இருக்கும் கப்பல். நான் அப்போது அரியலூரில், ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு சைக்கிள் கடை. நான் வீட்டில் இருந்தபடியே சிமெண்டு ஆலைக்குத் திரும்பிப் போகிற பழைய சாக்குகளுக்குக் கிழிசல் தைத்துக் கொடுத்தேன். கோணி ஊசியும் சணலும் இருந்தால் கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு பாட்டுக்குக் கவலைப்படும். வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானால் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன். குழந்தை இருமினால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய்விடுவேன். ஒருநாள் நான் எதுவும் கேட்காமல் சோற்றைப் போட்டதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "என்னடி, எதாச்சும் நெசமாவே ஆயிப்போச்சா?" என்று கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகளுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த ஆவணி கடைசி முகூர்த்தத்தைக் குறித்திருந்தோம். அதை விட்டால் புரட்டாசி, யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள். காது குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். எனக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருத்தன். ஆவணி பாதிக்குள் தைவானில் சரக்கு இறக்கிவிடுவார்கள், சிங்கப்பூர் வந்ததும் லீவு, நேரே வந்துவிடுகிறேன், மருமகளுக்குத் தோடு நான்தான் வாங்கி வருவேன் என்று எழுதியிருந்தான்.

எங்கள் தெருமுனையில் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகன் சவுதியிலிருந்து கொண்டுவந்த பெரிய ரேடியோ பெட்டி கடையில் இருந்தது. பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து தமிழில் பேசும் ஒரு நிலையம் அதில் கிடைக்கும். கரகரவென்று வரும், திடீரென்று காணாமல் போகும், திரும்ப வரும். என் தம்பி அந்தக் கடலில்தான் இருக்கிறான் என்று தெரிந்ததிலிருந்து பாய் அங்கத்திய புயல் சேதி வந்தால் எனக்காகக் கேட்டு வைப்பார்.

அந்தக் கடலை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். கல்லாப் பலகைமேல் ஒரு வெங்காயத்தை வைத்து, இது மணிலா என்பார். புளி உருண்டை தைவான். பேரீச்சம்பழப் பொட்டலம் ஹாங்காங். மேலே ஓரமாகச் சோப்புக் கட்டி, ஜப்பான். புயல் எப்போதும் தராசுப் பக்கமிருந்து கிளம்பும். பாயின் ஆள்காட்டி விரல் வெங்காயத்தை நோக்கி நகரும், சில நேரம் வெங்காயத்தின் மேலேயே ஏறிப் போகும், சில நேரம் நடுவில் வளைந்து சோப்புப் பக்கம் திரும்பிவிடும். அது எங்கே வளையும் என்று அந்த ஊர் ஆபீசர்களாலேயே சொல்ல முடியவில்லை என்பார். அந்த வருஷம் அவர் விரல் ஓயவேயில்லை. ஒன்று கரையேறுவதற்குள் தராசடியில் இன்னொன்று பிறந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு புயலுக்கும் பெயர் வைப்பார்களாம். முன்பெல்லாம் பெண் பெயர் மட்டும் வைத்தார்களாம், இப்போதுதான் ஆண் பெயரும் வைக்க ஆரம்பித்திருக்கிறார்களாம். இதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், முன்ன வச்சதுதான் பொருத்தம் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆவணி பாதியில் ஒருநாள் சாயங்காலம் சர்க்கரை வாங்கப் போனேன். பாய் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒரு சேதி. பயப்படாமக் கேளுங்க."

அப்படி ஆரம்பித்தால் நான் எங்கே பயப்படாமல் கேட்பது?

பெரிய புயல் ஒன்று தைவானை நோக்கி வருகிறது என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ரேடியோக்காரர்கள் குரல் இப்படி மாறிக் கேட்டதில்லை என்றார். பிறகு, "தொறமொகத்துல நின்ன கப்பலையெல்லாம் கடலுக்குள்ள போவச் சொல்லிட்டாங்களாம்" என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. ரேடியோ அந்த இடத்தில்தான் கரகரத்துப் போயிருந்தது.

சர்க்கரையை வாங்கினேனா என்றே நினைவில்லை. வீட்டில் சொன்னதும் என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். கரைக்கு வந்தவனை எவனாவது கடலுக்குத் துரத்துவானா, புயல் வருகிறது என்று தெரிந்தே துரத்தியிருக்கிறார்கள், தங்கள் இடம் தப்பித்தால் போதும் என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று புலம்பினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மழை வந்தால் வீட்டுக்குள் ஓடி வருகிற ஜனங்கள் நாங்கள். புயல் வரும்போது ஒருத்தன் கரையை விட்டுக் கடலுக்குப் போவதை எங்களால் வேறு எப்படி நினைக்க முடியும்?

மறுநாள் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி, கெட்டதை நினைத்து எதையும் சொல்பவர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஒம் பெரியப்பா மவன் விக்கிரமங்கலத்துல இருக்கான்ல. அவனும் மாமன் மொறதான். அவன் மடியில ஒக்கார வச்சுக் குத்திடுவோம். ஒந் தம்பி வர்றப்ப வரட்டும்."

வர்றப்ப வரட்டும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வராதவர்களைப் பற்றித்தான் அவ்வளவு மெதுவாகப் பேசுவார்கள். நாளை அவன் இடத்தில் இன்னொருத்தனை உட்கார்த்தினால், அவன் போய்விட்டான் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. பெரியப்பா மகனுக்குச் சேதி போய், அவன் புதுச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். சணல் ஈரமாக இருந்தது. முடிச்சு ஒன்று இறுகிக்கொண்டு அவிழவே மாட்டேன் என்றது. நகத்தால் நோண்டினேன், பல்லால் இழுத்தேன். கடைசியில் அரிவாள்மணையில் வைத்து ஒரே இழுப்பாக அறுத்தேன். அறுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது. நாகப்பட்டினம் பக்கமாக ஏறிய புயல் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் வானம் ஒரு மாதிரி மஞ்சளாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. அப்பா கொட்டகைக்குள் போய் மாடுகளை அவிழ்த்துவிட ஆரம்பித்தார். கயிறு நனைந்து முடிச்சு அவிழவில்லை. கதிர் அரிவாளால் அறுத்துவிட்டார். அம்மா அழுதாள். கட்டுத்தறியில் நிற்கிற வாயில்லா ஜீவனை மழையில் விரட்டுகிறாயே, நீ மனுஷன்தானா என்று கேட்டாள். மாடுகளுக்கும் போக மனசில்லை, வாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அப்பா தார்க்குச்சியால் அடித்துத் துரத்தினார்.

"கொட்டக விழுந்தா அதும் மேலதான் விழும். வெளியில நின்னா நனையும், அவ்வளவுதான்."

அன்றைக்குக் கொட்டகைச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. மாடுகள் நிற்கிற இடத்தில்தான் அத்தனை மண்ணும் கிடந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் மூன்றும் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கத்து மேட்டில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தன. அறுந்த கயிறு கழுத்தில் தொங்கியது. அம்மா மாடுகளைக் கட்டிக்கொண்டு திரும்பவும் அழுதாள்.

நான் சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்து கடைக்குப் போனேன். பாய் யாருக்கோ பருப்பு அளந்துகொண்டிருந்தார். அந்த ஆள் போகட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை.

"பாய், கப்பல் கரையிலயே கட்டி நின்னா என்ன ஆவும்?"

அவர் யோசித்தார். அவருடைய மச்சான் துபாய்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காற்று பெரிதாக அடித்தால் கப்பல் கரைச்சுவரில் மோதும், பக்கத்துக் கப்பலோடு மோதும், கயிறு தெறித்து ஆளை அறுக்கும் என்று மச்சான் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மாட்டுக் கதையைச் சொன்னேன். பாய் புளி உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாணியை வைத்து, அதை விரலால் தள்ளி வெறும் பலகைக்குக் கொண்டுபோனார். அங்கே மோதுவதற்கு ஒன்றுமில்லை.

"அவுத்து வுட்டிருக்காங்க தங்கச்சி. தொரத்தல" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். காதுகுத்து ஆவணியில் இல்லை, ஐப்பசியில். என் தம்பி மடியில்தான். என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கப்பல் திரும்பியதா என்று யாராவது சொன்னார்களா என்று மாமியார் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். ஐப்பசியில் அடைமழையாக இருக்குமே என்றார்.

"நனைஞ்சா நனையிறோம் அத்தை. அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் எழுந்துபோய் விக்கிரமங்கலத்துக்குச் சேதி சொல்லிவிட ஆள் பார்த்தார். பெரியப்பா மகனுக்குக் கோபம். அந்தச் சட்டையை ஐப்பசியில் போட்டுக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.

புரட்டாசி முழுக்கக் கடிதம் வரவில்லை. அந்த மாதமும் பாயின் விரல் பலகைமேல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கவலை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், அது என் கூடப் பிறந்தது. ஆனால் அவன் வருவானா என்று நான் கவலைப்படவில்லை. வந்தால் எதைச் சமைப்பது, இளைத்திருப்பானோ, சளி பிடித்திருக்குமோ, அந்தத் தோடு குழந்தைக்குப் பெரிதாக இருந்துவிடுமோ என்றுதான் கவலைப்பட்டேன். மாமியார்கூட ஒருநாள், இவள் கவலைப்படுகிறதைப் பார்த்தால் வந்துவிடுவான் போலத்தான் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி பிறந்து சில நாளில், காலை ரயில் வந்துபோன கொஞ்ச நேரத்தில், தலையில் பையை வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நின்றான். "அக்கா, சோறு இருக்கா?" என்றான். நான் அழுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தலையைத் துவட்டுடா முதலில் என்றேன்.

சாப்பிட்ட பிறகு தைவான் புயலைப் பற்றிக் கேட்டேன். அவன் விழித்தான்.

"அன்னைக்கு நாங்க அங்க இல்லவே இல்லக்கா. என்ஜின் ரிப்பேருன்னு ஹாங்காங்லயே மாட்டிக்கிட்டோம். அதுக்கு முந்தின புயலுக்குத்தான் வெளியில ஓடினோம்."

ஆடிக் கடைசியில் வந்த புயல். அதைப் பாயின் ரேடியோ சொல்லவில்லையா, இல்லை சொன்னபோது கரகரத்துவிட்டதா, தெரியாது. துறைமுகத்தை விட்டு வெளியேறி, காற்றுக்கு மூஞ்சியைக் காட்டி, என்ஜினை நிறுத்தாமல் அங்கேயே நின்றார்களாம். சமையல்கட்டில் ஒரு பாத்திரம்கூடத் தட்டில் நிற்கவில்லையாம், இவன் ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டானாம். கரையோடு இருந்த சின்னக் கப்பல் ஒன்று சுவரில் ஏறி ஒடிந்துபோனதைத் திரும்பி வந்து பார்த்தானாம். நான் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நான் வீட்டுக்காரரோடு சினிமாவுக்குப் போயிருந்தேன், முறுக்கு வாங்கித் தின்றேன், வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

காது குத்திய அன்றைக்கு மாமியார் சொன்ன மாதிரியே அடைமழை. கோயிலில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே உட்கார்ந்தோம். பெரியப்பா மகன் புதுச் சட்டையோடு வந்து முதல் பந்திக்கு இடம் பிடித்துவிட்டான். தம்பி பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், மொட்டைத் தலையோடு என் மகள் அவன் மடியில். பத்தர் ஊசியை எடுத்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. வலிக்குமா என்று பத்தரிடம் கேட்டான். குழந்தை அதுவரை சிரித்துக்கொண்டிருந்தது, மாமன் முகத்தைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தது. பத்தர் ஊசியைக் கிட்டே கொண்டு வந்தபோது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

நான் குனிந்து இரண்டு கையாலும் என் மகளின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். "குத்துங்க பத்தரே" என்றேன்.