டோலரஸ் யாருடைய மகள்?

யூட்டா மாநிலத்தின் எஃப்ரெய்ம் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மெர்லீனுக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்கு வந்த சங்கடம் முழுக்க அதனால்தான்.

அவள் அம்மா குடல் புற்றுநோயில் போன வயது, இந்த வருடம் மெர்லீனுக்கும் வந்துவிட்டது. குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினால் போதும், அந்த ஆபத்து தனக்கும் உண்டா என்று மரபணுக் கம்பெனிக்காரன் சொல்லிவிடுவான். ஆனால் முதுமைக் காலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அவள் விண்ணப்பித்திருந்தாள். 'மரபணுச் சோதனை செய்ததுண்டா?' என்று அவர்கள் கேட்பார்கள். 'ஆமாம்' என்று சொன்னால் காப்பீடு கைநழுவிப் போகலாம். 'இல்லை' என்று சொல்ல, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவளுக்கு நாக்கு புரளாது.

யோசித்து யோசித்து, டோலரஸ் என்ற பெயரில் துப்பி அனுப்பினாள்.

"அப்ப அது டோலரஸோட வியாதி, உன்னோடது இல்லையாக்கும்?" என்றான் புருஷன் டெவான்.

"சும்மா இருங்க. எனக்கே தலை சுத்துது."

அறிக்கை வந்தது. அதைத் திறக்கத் தைரியம் வராமல் மூன்று நாள் ஓட்டினாள். நான்காம் நாள் அவள் அப்பா ஓர்சனும் வீட்டுக்கு வந்திருந்தபோது, பெரியப்பா மகள் வெர்லா, துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் சீஸ் உருளைக்கிழங்குத் தட்டோடு வந்து நின்றாள். சபைக்காக ஏழு தலைமுறை வம்சாவளியைத் தேடி எழுதி வைத்திருப்பவள் அவள். குடும்பத்தில் பாதிப் பேரை அதே கம்பெனிக்குத் துப்ப வைத்தவளும் அவள்தான்.

"யாருக்கா செத்தது?"

"மானம்டி! டோலரஸ்னு ஒருத்தி எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு கம்பெனிக்காரன் காட்டுறான். அதுவும் அப்பா வழியில. எங்கப்பாகூடப் பொறந்தது ஒரே தம்பி. சித்தப்பா, வாயத் தெறங்க. யாரு அவ?"

எண்பது வயது ஓர்சனின் முகம் வெளுத்தது. மெர்லீன் ஒப்புக்கொண்டால் டோலரஸை வைத்துக் கட்டிய மறைவு போயிற்று. சும்மா இருந்தால் அப்பாவின் மானம் போயிற்று.

"சின்ன வயசுல டென்மார்க்குக்குச் சபை ஊழியம் செய்யப் போனப்ப..." என்று ஆரம்பித்தார் ஓர்சன். "ஒரு வீட்ல... குளிரு தாங்கல..."

"ஐயோ, சொல்லுங்க சித்தப்பா!"

"காபி குடிச்சிட்டேன்மா. ரெண்டு கப்பு." அவர் கண்ணில் நீர் முட்டியது. "சபை கூடாதுன்னு சொன்னது தெரிஞ்சும் குடிச்சேன். ஆனா அதுல எப்படிப் புள்ள வரும்?"

"அப்பா, போதும்!" மெர்லீன் கத்தினாள். "டோலரஸ் நான்தான்."

அம்மா, காப்பீடு, குப்பி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அடிப்பாவி! பேர மாத்தினா ரத்தம் மாறுமா?" என்றாள் வெர்லா. அடுத்த நொடி குரல் இறங்கியது. "என்ன வந்துருக்கு?"

"பாக்கலக்கா. பாத்தா மறைக்க முடியாது. பாக்கலன்னா தூக்கம் வரல."

ஓர்சன் மூக்கைச் சிந்தினார். "உங்கம்மாவும் நாளைக்குப் பாப்போம் நாளைக்குப் பாப்போம்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

மெர்லீன் அங்கேயே நின்று குடல் மருத்துவர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மரபணு அறிக்கை திறக்காமல் இருப்பதாக ஆரம்பித்தவளை, போனை எடுத்த பெண் இடைமறித்தாள்.

"உங்க அப்பா அம்மா யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்துச்சா?"

"அம்மாவுக்கு இருந்துச்சு."

"அது போதும்மா. செவ்வாய்க்கிழமை வாங்க, கேமரா விட்டுப் பாத்துரலாம்."

மெர்லீன் போனை வைத்தாள்.

"அது போதும்னா," என்றாள் வெர்லாவைப் பார்த்து, "நான் எதுக்குக்கா துப்பினேன்?"