நஜ்முதீன் நடந்த இரண்டு கோடுகள்

லோஜினி டீச்சர் கிராப் வரைந்து முடித்ததும் ஒன்று செய்வார். செங்குத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை இடது உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "இப்ப சொல்லுங்க, வண்டி என்ன பண்ணுது?" பதில் சொன்னவர்கள் எல்லாருக்கும் திட்டு. "எதோட கிராப்னு கேக்காம எப்படி லா சொல்றீங்க?" கையை எடுக்கும்போது மார்க்கர் மை அதில் அப்பியிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீடொன்றின் முதல் மாடியில் எங்கள் டியூஷன் சென்டர். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, காஜாங்கிலிருந்து ரயிலேறி வந்து இயற்பியல் நடத்துபவர் அவர். அடுத்த வகுப்பு நான் நடத்தும் தமிழ். சீக்கிரமே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன் வந்தார். மகன் அய்மன் எல்லாச் சோதனையிலும் கிராப் கேள்வியைக் கோட்டைவிட்டிருந்தான்.

"டீச்சர், இவன நிப்பாட்டிக்கிறேன். கடையில உக்காரட்டும்."

பொறியியல் படிக்க ஆசைப்பட்ட அய்மன் தலையைத் தொங்கப்போட்டான்.

"எது புரியலன்னு பாத்துட்டுப் போங்கண்ணே," என்றார் டீச்சர். பலகையில் ஒரு கோடு: ஏறி, சமமாக ஓடி, இறங்கியது. கை வழக்கம்போல் மூடியிருந்தது.

"இதுல என்ன இருக்கு? வண்டி மேட்டுல ஏறி இறங்குது."

"அத்தா, நானும் அதான் எழுதினேன்!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் கையை எடுத்தார். 'கதவிலிருந்து தூரம்' என்றிருந்தது.

"இந்தக் கோடு மாதிரி நடங்கண்ணே."

நஜ்முதீன் கதவிலிருந்து மாடி நடைபாதையில் போனார். "நில்லுங்க!" நின்றார். "திரும்பி வாங்க!" கதவுக்கே வந்து சேர்ந்தார். டீச்சர் அதை அழித்து 'வேகம்' என்று எழுதினார். கோட்டைத் தொடவில்லை.

"இப்ப நடங்க. வேகத்தைக் கூட்டுங்க, இன்னும்! அதே வேகம், நிக்காதீங்க!"

நடைபாதை முடிந்து படிக்கட்டு வந்துவிட்டது. "கோடு இன்னும் சமமாத்தான் போகுதுண்ணே, போங்க போங்க!" அவர் தடதடவென்று இறங்கித் தெருவுக்கே போய்விட்டார். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். டீச்சர் அங்கிருந்தே "கொறைங்க!" என்று கத்த, பூக்கடை முன்னால் வேகம் தணிந்து நின்றார்.

"டீச்சர், கோடு கீழ வந்துருச்சு. அங்கிள் ஏன் வரல?" என்றான் மாணவன் கிஷன்.

"கோட்டைக் கேளு."

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே கோடு. முதலில் அந்த மனிதரைக் கதவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது; இப்போது பூக்கடையில் விட்டுவிட்டது. நஜ்முதீன் மேலே பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு ரயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். அய்மன் போன் போட்டான். எடுக்கவில்லை.

"நான் வரச் சொல்லலையா?" என்று டீச்சர் எங்களைக் கேட்டார்.

அடுத்த வாரம் அய்மன் வந்தான், அதற்கடுத்த வாரமும். அடுத்து வந்த சோதனையில், 'வேகம் பூஜ்யம், ஆனால் ஆள் கதவில் இல்லை' என்று எழுதியிருந்தான். டீச்சர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சரி போட்டார். அப்பா ஏன் மனம் மாறினார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்க நஜ்முதீனின் கடைக்குப் போனபோதுதான் அய்மனின் அம்மா சுலைகா என்னிடம் கேட்டார்: "ஒங்க டீச்சருக்கு அவ்வளவு கோவம் வருமா தம்பி? புள்ளைய நிப்பாட்டுறேன்னு சொன்னதுக்கு இவர தெருவரைக்கும் வெரட்டிட்டாங்களாமே. அந்தப் பயத்துல நிப்பாட்டுற பேச்சையே மறுபடி எடுக்கல."